எதில் இடித்தது

எதில் இடித்தது என்று அந்த டாக்டர் கேட்டபோது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். என்னைக் கேட்கவில்லை, அறிவழகனைத்தான் கேட்டாள், அவன் பிடரியைச் சொறிந்துகொண்டு நின்றான், நிற்கட்டுமே, தம்பி திணறினால் எனக்கென்ன வந்தது, "பாத்ரூம்ல விழுந்துட்டாங்க டாக்டர்" என்பதற்கு மேல் அவனிடம் ஒன்றுமில்லை, எப்படி விழுந்தார்கள், எதில் இடித்தது, மயக்கம் வந்ததா, எவ்வளவு நேரம், எதற்கும் பதில் இல்லை, அந்தச் சின்னப் பெண் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தாள், அந்தப் பேனா காகிதத்தில் இறங்காமல் நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை. "காலைல குளிக்கப் போனப்ப டைல்ஸ்ல வழுக்கியிருக்காங்க டாக்டர், வலது பக்கமா சாஞ்சு, நெத்திக்கு மேல வாஷ்பேசின் ஓரத்துல இடிச்சிருக்கு, ஒரு அஞ்சு நிமிஷம் நினைவில்ல, அப்புறம் நல்லாப் பேசினாங்க, வாந்தி இல்ல" என்று நான் சொன்னேன். நான்தான் சொன்னேன். அவன் உடனே "ஆமா டாக்டர், பேசின்ல" என்றான். அவள் சிரித்த முகத்தோடு எழுதிக்கொண்டாள், இப்படித் தெளிவாகச் சொல்கிற ஆள் கிடைத்தால் எந்த டாக்டருக்குத்தான் கசக்கும். எனக்கும் உள்ளுக்குள் ஒரு திருப்தி வந்தது. அம்மா ஸ்ட்ரெச்சரில் தலையில் பஞ்சோடு படுத்திருக்கிறாள், எனக்கு விவரம் முழுசாக வந்துவிட்ட திருப்தி. என்ன பிழைப்பு இது. என்ன வேலை என்று கேட்கிறவர்களிடம் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி முடித்துவிடுவேன், மெடிக்கல் கோடிங் என்றால் பாதிப்பேர் சாஃப்ட்வேர் என்று நினைத்துக்கொண்டு தங்கள் பையனுக்கு வேலை கேட்கிறார்கள். அமெரிக்காவில் எவனோ வழுக்கி விழுந்து மண்டைக்குள் ரத்தம் கட்டிக்கொண்டால், அங்கே டாக்டர் எழுதியதைப் பெருங்குடியில் ஏசிக்குக் கீழே சால்வையைப் போர்த்திக்கொண்டு படித்து, அதற்குரிய எண்ணைப் போடுகிறோம், அவ்வளவுதான். ரத்தக்கட்டுக்கு ஒரு எண், அது வலமா இடமா என்பதற்கு ஒரு எண், எவ்வளவு நேரம் நினைவு தப்பியது என்பதற்கு ஒன்று, விழுந்ததற்கு ஒன்று, விழும்போது ஒரு பொருளில் மோதியிருந்தால் அதற்குத் தனியாக, விழுந்த இடம் குளியலறையா மாடிப்படியா என்பதற்கு இன்னொன்று. வாத்து முட்டிக் காயம்பட்டால்கூட எண் இருக்கிறது, புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு அதைச் சொன்னால் வகுப்பே சிரிக்கும். எழுதாமல் விட்டுவிட்டால் 'குறிப்பிடப்படாதது' என்ற எண்ணைப் போட வேண்டும், அதைப் போட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும், என் கீழே வேலை பார்க்கிறவர்கள் அந்த எண்ணோடு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். அந்தக் கொழுப்புத்தான் இன்றைக்குப் பேசிற்று.

இப்போது ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, மூளைக்கு மேல் மெல்லிய ரத்தக்கட்டு, சின்னதுதான், ஆபரேஷன் வேண்டாம், ராத்திரி வைத்துப் பார்க்கிறோம், பெருசாகாவிட்டால் நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு. எந்த வீட்டுக்கு என்று யாரும் கேட்கவில்லை. "ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருங்க, அம்மாகிட்ட நான் தனியாப் பேசணும்" என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டாள், நாங்கள் இந்த ஸ்டீல் நாற்காலிகளில் நடுவில் ஒன்றைக் காலியாக விட்டு உட்கார்ந்திருக்கிறோம். ஏன் தனியாக என்று அவன் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் ஏன் என்று. நர்ஸ் அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சட்டை மாட்டும்போது ஜாக்கெட்டை அவிழ்த்தாள், இடது மேல்கையின் உள்பக்கம், உடம்போடு ஒட்டி இருக்கிற அந்த வெளுத்த சதையில், வரிசையாக நாலு நீலக் கன்றல், எதிர்ப்பக்கம் ஒன்று. கட்டைவிரல். நான் பார்த்தேன், நர்ஸ் பார்த்தாள், அந்தச் சமயம் பார்த்து டாக்டரும் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். தோளுக்குக் கீழே இன்னொன்று, பச்சையும் மஞ்சளுமாகப் பழசாகிக்கொண்டு. விழுகிறவள் முழங்கையில் அடிபடுவாள், இடுப்பில் படுவாள், மணிக்கட்டை ஊன்றுவாள், கையின் உள்பக்கத்தில் நாலு விரலாக யாரும் விழுவதில்லை. நிறத்தை வைத்துக் காயம் எத்தனை நாள் ஆனது என்று சொல்லக் கூடாது என்று புத்தகத்தில் இருக்கிறது, சரி, சொல்லவில்லை, ஆனால் பச்சையும் நீலமும் ஒரே நாளில் வந்தது என்று எந்தப் புத்தகம் சொல்லப்போகிறது. அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஊசி போட்ட இடம் பாப்பா" என்றாள். ஊசி போட்ட இடமாம். வெளியே வந்து உட்கார்ந்ததும் அறிவழகன் அவனாகவே ஆரம்பித்தான், நான் வாயே திறக்கவில்லை, "அந்த மாத்திரையாலதான்க்கா, லேசாத் தொட்டாலே கன்னிப்போகுது, கைத்தாங்கலாப் பிடிச்சாக்கூட." அது பொய்யுமில்லை. இதய வால்வு மாற்றியதிலிருந்து ரத்தத்தை இளக்குகிற மாத்திரை, காய் நறுக்கும்போது கட்டையில் இடித்துக்கொண்டால்கூட ஊதாவாகத் தடித்துப்போகும், நானே பார்த்திருக்கிறேன். கைத்தாங்கலாகப் பிடித்திருக்கலாம். விழப்போனவளைப் பிடித்திருக்கலாம். பிடித்து நிறுத்தினால் ஏன் விழுந்தாள். கேட்பதற்கு முன்னால் விளக்கம் சொல்கிறவர்களை எனக்குத் தெரியும், எத்தனை கோப்பில் படித்திருக்கிறேன், 'கணவர் கூறுவதாவது, இவருக்கு எளிதில் கன்றிவிடும் உடம்பு'. படிப்பேன், எண் போடுவேன், அடுத்ததைத் திறப்பேன். அடித்திருக்கிறார்கள் என்று பட்டாலும் அதற்குரிய எண்ணைப் போடக் கூடாது. டாக்டர் சந்தேகம் என்று எழுதினால் சந்தேகத்துக்கு உரியது, உறுதி என்று எழுதினால் உறுதிக்கு உரியது, ஒன்றுமே எழுதாவிட்டால் ஒன்றுமே நடக்கவில்லை. உனக்குத் தோன்றியதை யாரும் கேட்கவில்லை என்று வகுப்பில் சொல்வேன், மேசையைத் தட்டிச் சொல்வேன். போன வருஷம் ஒரு பெண், பிரியதர்சினி, புதிதாகச் சேர்ந்தவள், ஒரு கிழவியின் கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, "மேடம், இது அடிச்ச மாதிரி இருக்கு மேடம்" என்று கண் கலங்கினாள். "எழுதியிருக்கா?" என்று கேட்டேன். இல்லை என்றாள். "அப்ப விழுந்தாங்கன்னு போடு" என்றேன். போட்டாள்.

எழுந்து போய்க் கதவைத் தட்டிச் சொல்லிவிடலாம். என்ன சொல்வது? என் தம்பி அடித்தான் என்றா? பார்த்தேனா? இல்லை. அம்மா சொன்னாளா? இல்லை. காலையில் போன் வந்தது, கிளம்பி வந்தேன், அம்மா ஸ்ட்ரெச்சரில் இருந்தாள், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அறிவழகனை ஓரக்கண்ணால் பார்க்கிறேன், கையை மடியில் கோத்து வைத்திருக்கிறான், ஏசி ரிப்பேர் செய்கிற கை, விரலெல்லாம் தடித்து நகத்தில் கறுப்பு, அந்த விரல்களை அந்தக் கன்றலில் பொருத்திப் பார்க்கிறேன், பொருந்துகிறது, யார் விரலானாலும் பொருந்தும், என் விரலும் பொருந்தும். நான் பார்ப்பதை அவன் கண்டுபிடித்துவிட்டான். "என்னக்கா பாக்கிற?" "ஒண்ணுமில்ல." "ஒண்ணுமில்லாமயா பாக்கிற. எனக்குத் தெரியும் நீ என்ன நினைக்கிறேன்னு. ராத்திரியெல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சு உக்காருது, கேஸைத் திறந்து வச்சுட்டு மறந்துடுது, மாத்திரையைத் துப்பி தலகாணிக்குக் கீழ வச்சுக்குது, நான் வேலைக்குப் போறதா, இதைக் காவல் காக்கிறதா? நீ ஞாயித்துக்கிழமை வந்து ரெண்டு மாதுளம்பழத்தைக் குடுத்துட்டு, அம்மா இளைச்சுட்டாளேன்னு என்னைக் கேட்டுட்டுப் போயிடற." அம்மாவை 'இது' என்கிறான். அடிக்கவில்லை என்று மட்டும் சொல்லவில்லை. ஆனால் அவன் சொன்னதில் எதை மறுப்பேன், மாதுளம்பழம் உண்மைதான், உரித்துக் கொடுக்கக்கூட உட்கார்ந்ததில்லை. அவன் பெண்டாட்டி சுகந்தி அவனை விட்டுவிட்டு அவள் அம்மா வீட்டுக்குப் போனாளே, அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், எதற்குப் போனாய் என்று அவளை நான் ஒரு வார்த்தை கேட்டேனா, புருஷன் பெண்டாட்டி விஷயம் என்று விட்டேன். அம்மாவை என்னோடு வைத்துக்கொள்ளலாம் என்று என் வீட்டுக்காரரிடம் பேச்செடுத்தேன், எடுத்தேன்தான், எங்கள் வீட்டில் மாமியார் மாமனார் இருக்கிறார்கள், ரெண்டு பெட்ரூம், "பையன் இருக்கிறப்ப பொண்ணு வீட்டுல இருந்தா நாலு பேர் என்ன சொல்வாங்க" என்று அம்மாவே சொல்லிவிட்டாள், அம்மா சொன்னதும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. அதுதான் நிஜம். அப்பாடா என்றுதான் இருந்தது. பொங்கலுக்கு வந்து நாலு நாள் இருந்தாள், வந்த அன்றைக்கே இடுப்பில் இடித்துக்கொண்டு, "எவன்டி இந்த பேசினைக் கதவுக்கு நேரா வச்சான், திறந்தா மூஞ்சியில முட்டுது" என்று எங்கள் பாத்ரூமைத் திட்டினாள், அந்த பேசின்…

அந்த பேசின் எங்கள் வீட்டு பேசின். மாடம்பாக்கத்தில் அவன் வீட்டு பாத்ரூமில் பேசினே கிடையாது. ஒரு குழாய், ஒரு பக்கெட், மேலே கீசர், கால் நீட்டி உட்கார இடமில்லாத பாத்ரூம், கை கழுவுகிற பேசின் வெளியே சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில், அதன் மேல்தான் அவன் ஷேவிங் சாமானையெல்லாம் அடுக்கி வைத்திருப்பான். நான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அங்கேதான் கை கழுவுகிறேன். பாத்ரூம், விழுந்தாள், எதில் இடித்தது என்றதும் என் மனசு என் வீட்டுக்குப் போய் அந்த பேசினைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டது, கோப்பில் ஓட்டை இருக்கக் கூடாதே. சரி, நான் உளறினேன். அவன்? "ஆமா டாக்டர், பேசின்ல." அவன் வீடு, அவன் பாத்ரூம், தினம் குளிக்கிறவன், அதில் பேசின் இல்லை என்று அவனுக்குத் தெரியாதா? இல்லாத பேசினுக்கு ஆமாம் போட்டான். உண்மையிலேயே அவள் பாத்ரூமில் விழுந்திருந்தால், இல்லக்கா, குழாய்ல இடிச்சுது என்றுதானே சொல்லியிருப்பான், பக்கெட்டில் என்றாவது சொல்லியிருப்பான். அவனுக்கு ஏதாவது ஒரு பொருள் வேண்டியிருந்தது, நான் கொடுத்தேன், வாங்கிக்கொண்டான். இத்தனை நேரம் தோன்றுகிறது, படுகிறது, இருக்கலாம் என்று சுற்றிச் சுற்றி வந்தேனே, இது தோன்றுவதில்லை, இது முரண்பாடு, முரண்பாட்டை யாரும் தள்ளிவிட முடியாது, எங்கள் வேலையில் ஒரு கோப்பைத் திறந்து டாக்டரிடம் திருப்பிக் கேட்க இது ஒன்று போதும். அடே, அடித்தாயா நீ அம்மாவை? எழுபது வயசுக்காரியை, இதயத்தில் வால்வு வைத்தவளை, அந்தக் கையைப் பிடித்து உலுக்கி எதில் மோதினாய், நிலையிலா, கட்டில் காலிலா? கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான், கேட்கவில்லை. உள்ளே டாக்டர் அம்மாவைத் தனியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், அம்மா சொல்லிவிடுவாள், சொல்லிவிட்டால் டாக்டர் எழுதிவிடுவாள், எழுதிவிட்டால் போலீசுக்குத் தகவல் போகும், நாளைக்கு அம்மா அந்த வீட்டுக்குப் போக வேண்டாம், நானும் எதையும் சொன்னவளாக ஆகமாட்டேன். பாருங்கள் என் புத்தியை, கடைசியில் எங்கே வந்து நிற்கிறது என்று. அம்மாவே சொல்லட்டுமாம். மறுபடி ஒரு தடவை இந்தத் தலையில் அடிபட்டால், இந்த மாத்திரையோடு, ஸ்கேன் எடுக்கக்கூட அவகாசம் இருக்காது. இன்றைக்குச் சின்னது என்கிறார்கள், நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள்.

கதவு திறந்தது. "க்ளியரா இருக்காங்க மேடம்" என்றாள் டாக்டர், முகத்தில் சந்தேகம் தீர்ந்த களை, "நான் தனியாத்தான் கேட்டேன், எதையும் எடுத்துக் குடுக்காமக் கேட்டேன். டைல்ஸ்ல வழுக்கி, வலது பக்கமா சாஞ்சு, பேசின் ஓரத்துல இடிச்சேன், அஞ்சு நிமிஷம் நினைவில்லைன்னு கரெக்ட்டாச் சொல்றாங்க. நீங்க சொன்னதுக்கும் அவங்க சொன்னதுக்கும் ஒரு வார்த்தை மாறல. ஞாபகசக்தி நல்லா இருக்கு." அம்மா ஸ்ட்ரெச்சரில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறாள். நான் சொன்னதை அப்படியே மனப்பாடம் செய்திருக்கிறாள், நினைவு தப்பினவளுக்கு அஞ்சு நிமிஷம் என்று யார் சொன்னது, இந்தப் பெண்ணுக்கு அதுகூடத் தோன்றவில்லை. என் பொண்ணே இப்படிச் சொல்கிறாள் என்றால் இப்படித்தான் சொல்ல வேண்டும்போல என்று நினைத்திருப்பாள். அறிவழகன் மூச்சை விட்டான், எனக்குக் கேட்டது. "டீ வாங்கிட்டு வரேன்" என்று எழுந்தான். அவன் எழுந்ததும் நானும் எழுந்துவிட்டேன். "டாக்டர், நான் சொன்னது பொய்." அவள் திரும்பினாள். "அவன் வீட்டு பாத்ரூம்ல பேசினே கிடையாது டாக்டர். நான் அங்க இல்லவே இல்ல, எதையும் பாக்கல, நானாச் சொன்னேன். அந்தக் கை, நீங்களும் பாத்தீங்க. இவன்தான்." அவன் "அக்கா" என்றான், அவ்வளவுதான், சத்தம்கூடப் போடவில்லை. டாக்டர் என்னையே பார்த்தாள். "நீங்களா ஏன் மேடம் சொல்லணும்?" "பழக்கம்" என்றேன். சொல்லும்போதே எனக்குக் கேவலமாக இருந்தது.

அவள் உள்ளே போனாள், நானும் பின்னாலேயே போனேன், அறிவழகன் வாசலில் நின்றான். அம்மா மேல்சட்டைக் கையை இழுத்து இழுத்து முழங்கை வரைக்கும் மூடி வைத்திருந்தாள். "அம்மா, நீங்க விழுந்தது எந்த வீட்டு பாத்ரூம்?" என்று டாக்டர் கேட்டாள். நல்ல கேள்வி, பதிலை உள்ளே வைக்காத கேள்வி, நான்கூட இப்படித்தான் கேட்கச் சொல்லிக் கொடுப்பேன். அம்மா என்னைப் பார்த்தாள். என் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள், பரீட்சையில் எதிர்பாராத கேள்வி வந்தால் பிள்ளைகள் பார்ப்பார்களே, அப்படி, ஆனால் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"இவ வீட்டுலதாம்மா."

"யார் வீட்டுல?"

"இவதான், எம் பொண்ணு எழிலரசி. அவ வீட்டு பாத்ரூம்லதான் பேசின் கதவுக்கு நேரா இருக்கும். பொங்கலுக்குக்கூட இடிச்சுக்கிட்டேன், கேட்டுப் பாருங்க. அவன் வீட்டுல ஏது பேசின்."

"அம்மா!" என்றேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை, போர்வையின் நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது, அதை டாக்டர் எப்படிப் புரிந்துகொள்வாள் என்றும் அதே நேரத்தில் தெரிந்தது. மகனுக்கு ஒன்று ஆகிவிடும், பொண்ணுக்கு வேலை இருக்கிறது, புருஷன் இருக்கிறான், படித்தவள், எப்படியும் சமாளித்துக்கொள்வாள், அம்மா கணக்கு அம்மாவுக்கு. டாக்டர் கையிலிருந்த காகிதத்தைப் படித்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு என் கைகளைப் பார்த்தாள். பொறுமையாக, விரல் விரலாகப் பார்த்தாள்.

"உங்க தம்பிக்கு ஒண்ணுமே தெரியல. நீங்கதானே மேடம் பக்கத்துல இருந்து பாத்த மாதிரி எல்லாம் சொன்னீங்க. நேரம் உட்பட."

"டாக்டர், நான்…"

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க மேடம்."

வெளியே வந்தேன். நாற்காலியில் உட்காரத் தோன்றவில்லை, கதவோரத்திலேயே நின்றேன். அறிவழகன் சுவரோடு ஒட்டி நின்றான், டீ வாங்கப் போகவில்லை, என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. உள்ளே திரையை இழுக்கிற சத்தம் கேட்டது, ஒரு ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போடுகிற சத்தம், அப்புறம் அந்தப் பெண்ணின் குரல், குழந்தையிடம் பேசுகிற மாதிரி இறங்கி, மெதுவாக:

"பயப்படாமச் சொல்லுங்கம்மா. உங்க பொண்ணு உங்களை எப்படிப் பாத்துக்கறாங்க?"